ஒப்பந்தம் முடியுமுன்னே கிளம்பிவிட்டேன்

அன்பு மகள் பட்டுவுக்கு அம்மா எழுதுவது. நான் நலம். உடம்பு நலம், கண் நலம், முழங்கால் மட்டும் எப்போதும்போல முணுமுணுக்கிறது, நீங்கள் எல்லோரும் கூடிக் கூடிக் கவலைப்பட்ட என் புத்தியும் நலமாகவே இருக்கிறது. உன் இருமல் நின்றதா? ஈரத் தலையோடு படுக்காதே என்று உனக்கு எத்தனை தடவைதான் சொல்வது. போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று நினைப்பாய். போனில் நான் ஒரு வார்த்தை சொன்னால் நீ அழுவாய், நீ அழுதால் நான் சொல்ல வந்ததை விட்டுவிட்டு உன்னைச் சமாதானம் செய்யக் கிளம்பிவிடுவேன். கடிதத்தில் நடுவில் யாரும் அழ முடியாது. அதனால் கடைசிவரை படி.

நான் அந்த வீட்டைக் காலி செய்துவிட்டேன். அத்தை இதற்குள் உனக்குச் சொல்லியிருப்பாள், அண்ணி சொல்லாமக் கொள்ளாம போயிட்டாங்க என்று. சொல்லிக்கொண்டுதான் வந்தேன். பட்டப்பகலில், முன்வாசல் வழியாக, என் பெட்டி படுக்கையை, பள்ளிக்கூடத்துக்கு நான் ஓட்டுகிற என் சொந்த வேனிலேயே ஏற்றிக்கொண்டு, எதிர்வீட்டுக்காரருக்கு டாட்டா காட்டிவிட்டு வந்தேன். வாடகை ஒப்பந்தத்தில் இன்னும் ஒரு வருஷத்துக்கு மேல் பாக்கி இருக்கிறது என்பது எனக்கும் தெரியும். அத்தை பெயருக்குப் பக்கத்தில் இருக்கிற கையெழுத்து என்னுடையதுதானே. உன் அப்பா போன பிறகு அம்மா தனியா இருக்க வேணாம், அத்தையோட ஒரே வீடா எடுத்துட்டா எனக்கு இங்க நிம்மதியாத் தூக்கம் வரும் என்று நீ சொன்னாய். உன் தூக்கத்துக்காகத்தான் நான் கையெழுத்துப் போட்டேன். மாடியறை எனக்கு, கீழறை அவர்களுக்கு, கூடமும் சமையலறையும் பொது. முதல் சில மாதம் குறையே இல்லை, அதை மறைத்துப் பேசமாட்டேன். உன் அத்தை நல்லவள். நல்லவர்கள் செய்கிற காரியத்துக்குத்தான் சில நேரம் தடுப்பே இருப்பதில்லை.

சமீபமாக வீட்டில் சில வேடிக்கைகள் நடந்தன. சமையலறை டப்பாக்களில் ஒருநாள் காலையில் பார்த்தால் காகிதம் ஒட்டியிருந்தது. உப்பு, சர்க்கரை, மிளகாய்த்தூள் என்று கொட்டை எழுத்தில். எவ்வளவு காலமாகச் சமைக்கிறேன், உப்புக்குப் பெயர்ப்பலகை எதற்கு என்று எனக்குள் சிரித்துக்கொண்டேன். பிறகு உன் மாமா தினமும் காலையில் காப்பித் தம்ளரோடு வந்து அக்கா, இன்னைக்கு என்ன கிழமை என்று கேட்க ஆரம்பித்தார். நான் சொல்லுவேன். தேதி என்ன என்பார், அதையும் சொல்லுவேன். போன மாசம் நாம எந்தக் கல்யாணத்துக்குப் போனோம் என்பார், எந்தக் கல்யாணத்துக்கும் போகல தம்பி, நீங்க வேற என்பேன். சத்தியமாகச் சொல்கிறேன், நான் மாமாவுக்குத்தான் நட்டு கழன்றுவிட்டது என்று நினைத்தேன். டப்பா காகிதமும் அவருக்காகத்தான் என்று நானே கணக்குப் போட்டுக்கொண்டேன். பாவம் மனுஷன், அத்தை வெளியில் சொல்ல முடியாமல் தவிக்கிறாள் என்று இரக்கப்பட்டு, அவர் கேட்கும் முன்பே தம்பி, இன்னைக்கு வியாழக்கிழமை என்று நானாகச் சொல்ல ஆரம்பித்தேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்ப்பார். நானும் அவரை ஒரு மாதிரிப் பார்ப்பேன். இப்படி இரண்டு பேரும் ஒருவரைப் பார்த்து ஒருவர் பரிதாபப்பட்டுக்கொண்டே காப்பி குடித்தோம்.

பள்ளிக்கூட ஆபீஸ் அம்மா கூப்பிட்ட பிறகுதான் எனக்கு உண்மை தெரிந்தது. நீங்க திங்கக்கிழமைலேர்ந்து வர வேணாம்மா, உங்க வீட்டுல சொன்னாங்க, உடம்பப் பாத்துக்குங்க, வேற வேனுக்குச் சொல்லியாச்சு என்று அவள் மென்று விழுங்கினாள். எந்த வீட்டில் என்று கேட்டேன். உங்க வீட்டுலதான் என்றாள். நேராகப் போய்ச் சாவி மாட்டுகிற ஆணியைப் பார்த்தேன். வேன் சாவி இல்லை. அத்தை வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள், தலையே நிமிரவில்லை. சாவி பத்திரமா இருக்கு அண்ணி என்றாள். அது எனக்குத் தெரியாத இடத்தில் எதற்குப் பத்திரமாக இருக்க வேண்டும் என்று நான் பிடித்த பிடியில் மாமா செய்தித்தாளை மடித்து வைத்தார், அத்தை வெங்காயத்தைச் சாக்காக வைத்துக்கொண்டு அழுதே விட்டாள். அப்புறம் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. நான் சாயங்காலம் வேனை நிறுத்தினதும் அத்தை சமையலறை ஜன்னலில் நின்று பார்த்திருக்கிறாள். எல்லாப் பிள்ளைகளும் இறங்கிப் போன காலி வண்டிக்குள் அண்ணி முன்னும் பின்னும் நடக்கிறாள், ஒவ்வொரு சீட்டையும் கையால் தடவுகிறாள், யாரோ உட்கார்ந்திருப்பதுபோலத் தூங்குமூஞ்சி, வாயாடி, பென்சில், கோந்து என்று திட்டுகிறாள், கடைசி சீட்டுக்குக் கீழே குனிந்து பார்க்கிறாள். ஒருநாள் இல்லை, தினமும். அவள் பயந்துபோய் உனக்குச் சொல்லியிருக்கிறாள். நீ அங்கே அழுதிருக்கிறாய். அழுதுவிட்டு, சாவிய மெதுவா வாங்கி வெச்சிடுங்க அத்தை, ஸ்கூல்லயும் சொல்லிடுங்க, அம்மாவுக்கு இப்போதைக்குத் தெரிய வேணாம் என்று சொல்லியிருக்கிறாய்.

எனக்கு முதலில் வந்தது சிரிப்புதான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அதற்கும் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள், பார்த்தியா என்கிற மாதிரி. பட்டு, நீ தெரிந்துகொள். தூங்குமூஞ்சி என்பது ஏறினதும் தூங்கிவிடுகிற ஒன்றாம் வகுப்புப் பெண். பென்சில் என்பது ஒல்லிப் பையன். கோந்து என்பது எந்தப் பையனோடு உட்கார்ந்தாலும் ஒட்டிக்கொண்டு இறங்கமாட்டேன் என்கிறவன். அவர்கள் பெயர் எல்லாம் எனக்குத் தெரியும், ஆனால் கூப்பிட்டால் சிரிக்கிற பெயரைச் சொல்லித்தான் நான் கூப்பிடுவது. வேறொரு ஊரில் ஒரு வேன்காரர் வண்டியைப் பூட்டிவிட்டுப் போய்விட்டார், கடைசி சீட்டில் ஒரு குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. பிறகு என்ன ஆனது என்று எழுதக்கூட என் கை வரவில்லை. அதைக் கேள்விப்பட்ட நாளிலிருந்து நான் கண்ணை மட்டும் நம்புவதில்லை. குழந்தை சீட்டுக்குக் கீழே சுருண்டு படுத்தால் கண்ணுக்குத் தெரியாது, கைக்குத் தெரியும். அதனால் ஒவ்வொரு சீட்டையும் தொடுவேன், அந்த சீட்டுக்காரரின் பெயரை வாய்விட்டுச் சொல்லி இறங்கியாச்சு என்பேன். வாய் சொல்லாவிட்டால் மனசு அவசரத்தில் ஒரு சீட்டைத் தாண்டிவிடும். என் தொழிலில் நான் வைத்திருக்கிற ஒழுங்கு இது ஒன்றுதான், அதைத்தான் நீங்கள் பைத்தியம் என்றீர்கள்.

சரி, சொல்லி விளங்க வைத்தாயிற்றே, பிறகும் ஏன் வீட்டைக் காலி செய்தாய் என்று நீ கேட்பாய். சொல்கிறேன். அவர்கள் ஏற்கெனவே நாள் வாங்கி வைத்திருந்த டாக்டரிடம் நானே சாவியைக் கேட்டு வாங்கி, அத்தையை வேனில் ஏற்றிக்கொண்டு போனேன். அந்த டாக்டரம்மா என்னென்னவோ கேட்டார், வரையச் சொன்னார், பின்னாலிருந்து எண்ணச் சொன்னார். கடைசியில் உங்களுக்கு ஒண்ணும் இல்ல, முழங்காலைக் கவனிங்க என்றார். அதோடு முடிந்தது என்றுதானே நினைப்பாய். வீட்டுக்கு வந்து படியேறும்போது அத்தை மாமாவிடம் கிசுகிசுக்கிறாள், டாக்டர் முன்னாடி நல்லாத்தான் பேசுறாங்க என்று. அடுத்த நாள் நான் கடையில் தக்காளியை விட்டுவிட்டு வந்துவிட்டேன். எல்லோரும்தான் விட்டுவிட்டு வருவார்கள். அத்தையே போன வாரம் அடுப்பில் பாலை வைத்துவிட்டுத் துணி காயப்போடப் போய்ப் பாத்திரத்தையே கரியாக்கினாள். அவள் மறந்தால் அது ஞாபகமறதி, நான் மறந்தால் அது வியாதி. மாமா கண்ணைக் காட்டுகிறார், அவள் பெருமூச்சு விடுகிறாள். சாவி ஆணிக்குத் திரும்பி வந்துவிட்டது, ஆனால் நான் எடுக்கும்போதெல்லாம் யாராவது ஒருவர் கூடத்துக்கு வந்து நிற்கிறார்கள். என்னம்மா பெரிய விஷயம் என்பாய். தினமும் சாப்பாட்டோடு அதையும் விழுங்கிப் பார், அப்போது தெரியும். நான் நான்கு வார்த்தை பேசினால் அதில் எந்த வார்த்தை கோணல் என்று தேடுகிற வீட்டில் ஒரு வருஷம் இருந்தால் எனக்கு நிஜமாகவே புத்தி கலங்கிவிடும். கொஞ்ச நாளில் நானே என்னைச் சந்தேகப்பட ஆரம்பித்தேன், பட்டு. பிள்ளைகள் ஏறாத நாள்தான், ஆனாலும் பழக்கம் விட்டுப்போகக் கூடாதென்று ஒருநாள் சாயங்காலம் காலி வண்டியில் சீட்டைத் தொட்டுக்கொண்டு போகும்போது அத்தை ஜன்னலில் நிற்கிறாளா என்று திரும்பிப் பார்த்தேன். பார்த்ததில் எந்த சீட்டுவரை வந்தேன் என்பது விட்டுப்போயிற்று. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன். அன்றைக்குத்தான் முடிவு செய்தேன், இனி இங்கே ஒருநாளும் கூடாது என்று.

வீட்டுக்காரர் வந்தார். நடுவுல போறது ஒப்பந்தத்துல இல்லீங்களே, உங்க பங்குக்கு வேற ஆள் வரணும், இல்லேன்னா முன்பணத்த இப்பக் கேக்காதீங்க என்றார். அது அவர் நியாயம், நான் சண்டை போடவில்லை. மருந்துக்கடையில் வேலை பார்க்கிற பெண் அறை தேடிக்கொண்டிருந்தாள், அவளைக் கூட்டிக்கொண்டு போய் மாடியறையைக் காட்டினேன். காற்று வரும், தண்ணீர் வரும், காலையில் ஒருவர் வந்து கிழமை கேட்பார், பயப்படாதே என்று சொன்னேன். அவள் சிரித்தாள், அடுத்த மாதம் வருகிறாள். அத்தைக்குத்தான் தாங்கவில்லை. ஒப்பந்தம் முடியற வரைக்குமாவது இருங்க அண்ணி, ஊர்ல நாலு பேரு என்ன நெனைப்பாங்க, நான் என்ன உங்கள விரட்டியா விட்டேன் என்று கையைப் பிடித்துக்கொண்டாள். நான் சொன்னேன், நான் கையெழுத்துப் போட்டது அறைக்கு வாடகை தர, என் தலைக்குக் காவல் போட இல்லை என்று. சொன்ன பிறகு அவள் முகத்தைப் பார்த்து எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் சொன்னதைத் திரும்ப வாங்கவில்லை.

இப்போது இருப்பது டயர் கடைக்கு மேலே ஒற்றை அறை. இரும்புப் படிக்கட்டு, ஏறினால் ஊருக்கே கேட்கும், திருடனும் வரமாட்டான். பகல் முழுக்கக் கீழே காற்றடிக்கிற இயந்திரம் கத்தும், சாயங்காலம் நின்றுவிடும். குளியலறை வெளியே, ஆனால் சுத்தம். ஜன்னலைத் திறந்தால் கீழே என் வேன் நிற்பது தெரியும். டயர் கடைக்காரர் மனைவி முதல் நாளே வந்து, நீங்க தனியாவா இருக்கப் போறீங்க என்றாள், ஆமாம் என்றேன், குடுத்து வெச்சவங்க என்று சொல்லிவிட்டுப் போனாள். உன் மாமா ஒருநாள் மூச்சு வாங்கப் படியேறி வந்து அத்தை கொடுத்தனுப்பிய பாத்திரங்களையும் டப்பாக்களையும் வைத்துவிட்டு, காப்பி குடித்தார். கிழமை கேட்கவில்லை. போகும்போது, அவ சரியாத் தூங்குறதில்ல அக்கா என்றார். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். உறவை நான் காலி செய்யவில்லை, வீட்டைத்தான் காலி செய்தேன்.

பள்ளிக்கூடத்துக்கும் போனேன். தலைமையாசிரியை அம்மா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். டாக்டர் எழுதிக் கொடுத்ததையும் காட்டினேன். ஒரு மாசம் ஆயா ஒருத்தர் கூடவே வண்டியில வருவாங்க, உங்களுக்குச் சம்மதமா என்றார். தாராளமா வரட்டும், கோந்தை இறக்கி விட ஒரு ஆள் வேணும்தான் என்றேன். வருகிற திங்கட்கிழமை மறுபடி ஸ்டியரிங்கைப் பிடிக்கிறேன். பிள்ளைகளைப் பெற்றவர்கள் அவர்கள் கண்ணால் பார்த்துக்கொள்ளட்டும், அது அவர்கள் உரிமை. அதற்கு நான் முகம் சுளிக்கமாட்டேன்.

பயமே இல்லையா என்று கேட்டால், இருக்கிறது. உன்னிடம் எதற்கு வீராப்பு. ஒருநாள் நிஜமாகவே என் புத்தி தடுமாறலாம், யாருக்கும் வரலாம். பிள்ளைகளில் ஒருத்தர் பெயர் என் வாயில் வர மறுத்த அன்றைக்கு அந்தச் சாவியை நானே கொண்டுபோய் ஆபீஸ் அம்மா மேஜையில் வைப்பேன், வைத்துவிட்டு முதலில் உனக்குத்தான் சொல்லுவேன். அதுவரைக்கும் அதை என் கையிலிருந்து எடுக்க யாருக்கும் உரிமை இல்லை, உனக்கும் இல்லை. அத்தைமேல் எனக்குக் கோபம் போய்விட்டது, அவள் ஜன்னலில் பார்த்ததைச் சொன்னாள். உன்மேல்தான் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. நீ அத்தையிடம் கேட்டாய், மாமாவிடம் கேட்டாய், அங்கே தெரிந்த நர்ஸிடம்கூடக் கேட்டாயாம். அம்மா, சாயங்காலம் வேனுக்குள்ள என்ன பண்றே என்று என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நான் சொல்லியிருப்பேனே. சிரித்திருப்போமே. என்னைப் பற்றி ஊரையெல்லாம் கேட்ட பெண் என்னைக் கேட்கவில்லையே என்பதுதான் இந்தக் கிழட்டு நெஞ்சில் குத்துகிறது. இனிமேல் கேள். பதில் சொல்ல நான் இருக்கிறேன்.

டிக்கெட் போட்டுக்கொண்டு ஓடி வராதே, எனக்கு இங்கே ஒன்றும் ஆகவில்லை. அத்தையிடம் சண்டைக்கும் போகாதே. வேளாவேளைக்குச் சாப்பிடு, இருமலுக்கு வெந்நீர் குடி, நீ நினைத்ததெல்லாம் நடந்து நீண்ட ஆயுளோடு நன்றாக இரு. நான் எவ்வளவு கோபமாக எழுதினாலும் நீ என் குழந்தைதான்.

ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். திங்கட்கிழமையிலிருந்து காலையில் பள்ளிக்கூட நேரத்தில் எனக்குப் போன் செய்யாதே. எடுக்கமாட்டேன். வண்டி ஓட்டிக்கொண்டிருப்பேன்.

ஆசிகளோடு,
உன் அம்மா