வலைக்குப் பின்னால் கிடந்த பந்து

அண்ணாச்சி,

இன்று காலை ஒரு கப்பல் செய்திக்காகத் துறைமுகத்துக்குப் போகும் வழியில், கடற்கரையில் பெரிய அண்டாவில் பட்டையை வேகவைத்து வலைகளுக்குச் சாயம் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அந்தத் துவர்ப்பு வாசனை மூக்கில் ஏறியதும் சைக்கிளை விட்டு இறங்கிவிட்டேன். கப்பல் செய்தியை எடுக்காமலே திரும்பி வந்து இதை எழுதுகிறேன். நீங்கள் போய் நாற்பது நாள்கூட ஆகவில்லை. இதை யாருக்கு எழுதுகிறேன், எந்த முகவரிக்கு என்று எனக்கே தெரியவில்லை. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

வாரத்தில் ஆறு நாள் கப்பல் கம்பெனிக் கிடங்கில் குமாஸ்தா வேலை, ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் நடுவர் வேலை என்று இருந்தீர்கள். உங்கள் தம்பிமார் இருவரும் கருப்பட்டி மண்டி வைத்துத் தேறிவிட்டார்கள். உங்களுக்கு விசில்தான் சொத்து என்று உங்கள் வீட்டில் கேலி செய்வார்கள். “ஊதுததுக்கு முன்னால யோசிக்கணும் வே. ஊதின பெறவு யோசிச்சா எவனும் மதிக்க மாட்டான்” என்று என்னிடம் எத்தனை முறை சொல்லியிருப்பீர்கள்.

போர் முடிந்த வருஷத்துக் கால்பந்துக் கோப்பையின் இறுதி ஆட்டம் அது. ஒரு பக்கம் மில் அணி. பந்துக்காகவே வெளியூரிலிருந்து சம்பளம் பேசிக் கூட்டி வந்த ஆட்கள். மில்லில் பெயருக்கு ஒரு நாற்காலி, மாலையில் மைதானம். மறுபக்கம் துறைமுக அணி. அதில் இடது பக்கம் ஆடிய மிக்கேலை ஊரே அறியும். சீசனில் சங்கு குளிக்கப் போகிறவர், மற்ற நாளில் துறைமுகத்தில் தினக்கூலி. கோப்பையை வென்றால் மிக்கேலை நிரந்தர வேலையில் எடுத்துக்கொள்வதாகத் துறைமுக அதிகாரி வாக்குக் கொடுத்திருந்தார். முந்தின சீசனிலேயே மிக்கேலுக்குக் காதில் ரத்தம் வந்திருந்தது. இனி கடலுக்கு அடியில் போகவேண்டாம் என்பதுதான் அந்தக் கோப்பைக்கு அவர் வீட்டில் இருந்த அர்த்தம்.

போர்க்காலப் பஞ்சத்தில் கோல் கம்பத்துக்குக் கட்ட வலை கிடைக்கவில்லை. வலை பின்னும் சூசை, தன் பழைய மீன்வலை ஒன்றை இரவல் கொடுத்தார். ஆட்டம் தொடங்குமுன் நீங்கள் அதை நான்கு இடத்தில் இழுத்துப் பார்த்தீர்கள். கிழிசல் இல்லை என்று தலையசைத்தீர்கள். பத்திரிகைக்கு ஆட்டத்தை எழுத வந்த நான், வலதுபக்கக் கம்பத்துக்கு ஆறடி தள்ளி, பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.

மில் அணி ஒரு கோல் முன்னால் இருந்தது. முடிய எட்டு நிமிஷம். மிக்கேல் இரண்டு பேரை வெட்டிக்கொண்டு வந்து அடித்தார். கூட்டம் எழுந்தது. நீங்கள் விசில் ஊதி, பந்து வெளியே போனது, கோல் கிக் என்று கை காட்டினீர்கள். பந்து வலைக்குப் பின்னால் மணலில் கிடந்தது.

துறைமுக ஆட்கள் உங்களைச் சூழ்ந்துகொண்டார்கள். “அண்ணாச்சி, உள்ள போயி வலையப் பிச்சிக்கிட்டுல்லா வெளிய வந்துச்சு” என்றார் ஒருவர். லைன்ஸ்மேன் தூரத்தில் நின்று தனக்குத் தெரியாது என்று கைவிரித்தார். நீங்கள் முடிவை மாற்றவில்லை. ஆட்டம் அப்படியே முடிந்தது.

அந்திக்கு முன்பே தந்தி ஆபீசுக்கு என்னைத் தேடி வந்தீர்கள். சட்டை முழுவதும் புழுதி. யாரோ மண்ணை வாரி எறிந்திருந்தார்கள்.

“வே, எனக்கு முன்னால ரெண்டு பேரு மறைச்சிட்டானுவ. பந்து வெளிய கெடந்ததத்தான் கண்டேன். நீரு பக்கத்துலதான இருந்தீரு. பாத்தீரா?”

அந்தச் சமயத்தில் நான் குனிந்து, அதற்கு முந்தின கார்னர் கிக் எத்தனையாவது நிமிஷம் என்று எழுதிக்கொண்டிருந்தேன். கூச்சல் கேட்டுத் தலை நிமிர்ந்தபோது பந்து மணலில் இருந்தது. இதைச் சொல்ல ஒரே வார்த்தை போதும். உங்கள் முகத்தைப் பார்த்தேன்.

“பாத்தேன். வெளியதான் போச்சு” என்றேன்.

சொன்னது மட்டுமல்ல, தந்தியிலும் அப்படியே சேர்த்தேன். மறுநாள் பத்திரிகையில் ‘பந்து தெளிவாக வெளியே சென்றதை நமது நிருபர் அருகிலிருந்து கண்டார்’ என்று வந்தது. இருபது வருஷத் தொழிலில் பார்க்காத ஒன்றைப் பார்த்ததாக நான் எழுதியது அது ஒன்றுதான். அந்த வாக்கியத்தின் ஒவ்வொரு எழுத்தும் எனக்கு மனப்பாடம்.

துறைமுக அணி கால்பந்துச் சங்கத்துக்கு முறையீடு கொடுத்தது. சங்கம் உங்களிடம் மட்டுமே விளக்கம் கேட்கும். ‘எனக்குச் சந்தேகம் இருக்கிறது’ என்று நீங்கள் ஒரு வரி எழுதினால் ஆட்டம் மறுபடி நடக்கும். அந்த நான்கு நாளும் ஊரில் வேறு பேச்சில்லை. நான்காம் நாள் காலை, பீச் ரோட்டு டீக்கடைக்கு நீங்களும் நானும் போனபோது சண்டை உச்சத்தில் இருந்தது.

“கம்பத்துக்கு ரெண்டு முழம் வெளிய போச்சுலே. என் கண்ணால பாத்தேன்” என்றார் மில் கிளார்க் ஒருவர்.

“நீரு எங்கன பாத்தீரு? பொரிகடலைக்காரன்கிட்டல்லா நின்னீரு” என்றார் துறைமுகக் கூலியாள்.

“பொரிகடலை வாயிலதான இருந்துச்சு, கண்ணுலயா இருந்துச்சு?”

கடையே சிரித்தது. உங்களைக் கண்டதும் சிரிப்பு நின்றது. அப்போதுதான் சூசை வந்தார். தோளில் அந்த வலை. அதைப் பெஞ்சில் விரித்து, நான்கு கண்ணி அறுந்து ஒன்றாகிப்போன ஓர் ஓட்டையைக் காட்டினார்.

“அண்ணாச்சி, சாயம் நூலுக்கு மேலதான் ஏறும். உள்ள வெள்ளையாத்தான் இருக்கும். பழைய கிழிசல்னா உப்புத்தண்ணி பட்டு அந்த வெள்ளையும் கருத்துப்போவும். இதப் பாருங்க.”

அறுந்த நுனிகள் எல்லாம் பால்போல் வெள்ளையாக இருந்தன.

“ஆட்டம் முடிஞ்சு வலைய அவுக்கயில நீரே அறுத்திருப்பீரு” என்றார் மில் கிளார்க்.

“கத்தியால அறுத்தா நுனி ஒரேமட்டா இருக்கும்வே. இது பிசிறு பிசிறா இருக்கு. வலைய எங்கிட்ட படிச்சிட்டு வந்து பேசும்” என்றார் சூசை.

நீங்கள் அந்த நூலை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றீர்கள். பிறகு என் பக்கம் திரும்பினீர்கள்.

“நீரு சொல்லும். பாத்தீரா, இல்லையா?”

அச்சில் வந்துவிட்டதே, இத்தனை பேர் முன்னால் மாற்றிச் சொன்னால் இனி இந்த ஊரில் என் பேனாவை யார் நம்புவார் என்ற நினைப்பு ஒன்றுதான் எனக்குள் இருந்தது. மிக்கேலை நினைக்கவே இல்லை. உங்களையும் நினைக்கவில்லை.

“பாத்தேன்.”

“ரிப்போட்டர் பாத்திருக்காரு. அது போதும்” என்று சொல்லிவிட்டு வெளியே போனீர்கள். சங்கத்துக்கும் அதையே எழுதினீர்கள். முறையீடு தள்ளுபடியானது.

அடுத்த சீசனில் மிக்கேல் மறுபடி சங்கு குளிக்கப் போனார். இடது காது கிழிந்து, அந்தப் பக்கம் சுத்தமாகக் கேட்காமல் போயிற்று. அதன்பின் நீங்கள் விசிலைத் தொடவில்லை. மூட்டு வலி என்று சொன்னீர்கள். நானும் மூட்டு வலி என்றே எல்லோரிடமும் சொன்னேன். சுதந்திரம் வந்தது; மில் அணி கலைந்தது; அந்தக் கோப்பையும் எங்கோ போயிற்று. நாம் இருவரும் வாரம் ஒருமுறை சந்தித்து, எல்லாவற்றையும் பேசினோம். பந்தைத் தவிர.

ஆஸ்பத்திரியில் கடைசி வாரம் காய்ச்சல் இறங்காமல் கிடந்தபோது, தண்ணீர் கேட்பதுபோல் மெதுவாகக் கேட்டீர்கள்: “அன்னைக்கு வெளியதான வே?”

ஆமாம் என்றேன். நீங்கள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தீர்கள். அதற்குப் பிறகு என்னிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

உங்களை அடக்கம் செய்துவிட்டு வந்து மூன்று வரியில் ஒரு திருத்தம் எழுதினேன். ‘பந்து எங்கே சென்றது என்பதை நமது நிருபர் பார்க்கவில்லை.’ அதைத் தபாலில் அனுப்பினேன். ஆசிரியரின் பதில் போன வாரம் வந்தது. நான்கு வருஷத்துக்கு முந்திய ஆட்டத்துக்குப் பத்திரிகையில் இடமில்லை. உடல்நிலை சரியில்லையென்றால் விடுப்பு எடுத்துக்கொள்ளலாம்.

மறுநாள் மிக்கேலைத் தேடிப் போனேன். கரையில் வலை காயப்போட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து, கடலைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். குனிந்து எழுதியது, தந்தி ஆபீசில் சொன்னது, டீக்கடையில் சொன்னது. சொல்லி முடித்தபோது என் வேட்டி வியர்வையில் நனைந்திருந்தது. அவர் திரும்பிப் பார்த்தார்.

“எதுவும் சொன்னியளா? அந்தக் காது கேக்காது. இங்கன வந்து சொல்லுங்க.”

எழுந்து மறுபக்கம் போய் உட்கார்ந்தேன். மறுபடி அத்தனையும் சொல்ல எனக்குத் தெம்பில்லை. “பந்த நான் பாக்கல” என்றேன்.

“அதா? குமாஸ்தா அண்ணாச்சி ரெண்டு வருசத்துக்கு முன்னாலயே வந்து சொல்லிட்டாவ. ஊதும்போது உங்களப் பாத்தாவளாம். நீங்க குனிஞ்சு எழுதிக்கிட்டு இருந்தியளாம்.” கொஞ்ச நேரம் வலையைத் தட்டினார். “ரெண்டு பேரும் ஒருத்தர் முதுகுல ஒருத்தர் ஒளிஞ்சிக்கிட்டிய.”

அண்ணாச்சி, தெரிந்தே ஏன் கேட்டீர்கள்? நான் உண்மை சொல்ல வழி விட்டீர்களா, அல்லது என் பொய் உங்களுக்கும் வேண்டியிருந்ததா? ஆஸ்பத்திரியில் கேட்டது எதற்காக? இருபது வருஷம் மற்றவர்களிடம் கேள்வி கேட்டுப் பிழைத்தவன் நான். இந்த ஒன்றைக் கேட்க எனக்கு ஆள் இல்லை.

கிளம்பும்போது மிக்கேல் கேட்டார்: “இப்பம் சொன்னத பேப்பர்ல போடுவியளா? எங்க வீட்டுல அவ நான் அடிச்சது கோலே இல்லன்னு சொல்லுதா.”

ஆசிரியரின் கடிதம் என் சட்டைப் பையில் இருந்தது. மிக்கேலின் முகத்தைப் பார்த்தேன்.

“போடுவேன்” என்றேன்.

அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அன்றிலிருந்து தினமும் காலையில் டீக்கடைக்கு வந்து, நல்ல காதைக் காட்டி உட்கார்ந்து, கடைக்காரரை விளையாட்டுப் பக்கம் முழுவதையும் வாசிக்கச் சொல்லிக் கேட்கிறாராம்.