ஏழு பேருக்கு இரண்டு கூடாரம்

18 ஜூன் 1996, செவ்வாய்

முடிவு எடுத்தாயிற்று. ஓகஸ்ட் லோங் வீக்கெண்டில் குடும்பத்தோடு போய்க் கூடாரம் அடித்துத் தங்கப்போகிறோம். இடம், மில்வேட்டன் பக்கத்தில் ஆமிஷ்காரர் ஒருவரின் பண்ணை. என்னோடு வேலை செய்யும் பஸ்ரியன் கிறிஸ்மஸுக்கு ஆடு வாங்கப் போகிற இடம். ஓடைக்கரையில் புல்வெளி இருக்கிறதாம், கேட்டால் தங்க விடுவார்களாம்.

மனைவி ஜெயமலர், "உங்களுக்குக் கூடாரம் அடிக்கத் தெரியுமோ?" என்றாள். பதினைந்து வருடம் வன்னிக் காட்டில் காணி அளந்தவனைப் பார்த்துக் கேட்கிற கேள்வி. இந்த நாட்டில் என் படிப்பைத் தள்ளிவிட்டுக் கார்த் தரிப்பிடத்தில் மேற்பார்வைக்கு இருத்தினார்கள். அதற்காகப் படித்தது மறந்துபோகுமா?

20 ஜூன்

நூலகத்தில் ஆமிஷ்காரரைப் பற்றி வாசித்தேன். மின்சாரம் இல்லை. குதிரை வண்டி. வீட்டுக்குள் தொலைபேசி இல்லை. ஒழுங்கை மீறியவனை ஒதுக்கி வைத்துவிடுவார்கள், சொந்தச் சகோதரன் என்றாலும் ஒரு மேசையில் இருந்து சாப்பிடமாட்டார்கள். எனக்குப் பிடித்துவிட்டது. கொள்கை உள்ள சனம்.

23 ஜூன், ஞாயிறு

மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது ஜெயமலர் சொன்னாள்: "அண்ணையாக்களையும் கூப்பிடுங்கோ. இல்லாட்டி நீங்கள் மூண்டு பேரும் போட்டு வாங்கோ. நான் வரேல்லை."

அண்ணை என்றால் அஜக்ஸில் வீடு வாங்கியிருக்கும் சண்முகலிங்கம். நாலு வருடமாக எங்களுக்குள் பேச்சு இல்லை. தன் மகள் அட்சயா பெரியபிள்ளையான சாமத்தியவீட்டுக்கு என்னை அழைத்த விதம் அப்படி. படியேறி வந்து சொல்லவில்லை. போனில் என் குரலையாவது கேட்டானா? அதுவும் இல்லை. அன்சரிங் மெசினில் மண்டபத்தையும் திகதியையும் சொல்லி, "எல்லாரும் வாங்கோ" என்று வைத்துவிட்டான். தங்கையின் புருசனுக்கு அழைப்பு, மெசினில்! நான் போகவில்லை. ஜெயமலரையும் போகவிடவில்லை. அதைத்தான் இன்றைக்கும் எடுத்தாள். "அந்தப் பிள்ளைக்கு இருக்கிறது ஒரே ஒரு மாமி. தண்ணி வாக்கிற நேரம் நான் இஞ்ச இருந்து உடுப்பு மடிச்சுக்கொண்டிருந்தன்."

நான் சோற்றைக் குழைத்துக்கொண்டிருந்தேன்.

"சொல்லுறதெண்டா நேரில போய்ச் சொல்லுங்கோ. உங்கட சட்டம்தானே."

முடியாது என்றேன். சாப்பாட்டுக் கோப்பையை எடுத்துக்கொண்டு எழும்பிவிட்டாள்.

30 ஜூன், ஞாயிறு

பண்ணையில் போன் இல்லை, ஆகவே நேரில் போய்க் கேட்கவேண்டும். மகள் நிரூபா கார் ஓடினாள். யூனிவேசிற்றி தொடங்குவதற்கு முன் நெடுந்தூரம் ஓடிப் பழகட்டும். தாடிவைத்த மனிதர் வாசலில் நின்று எங்களைப் பார்த்த உடனே, "ஆடா?" என்றார். பஸ்ரியனும் கூட்டாளிகளும் செய்துவைத்த வேலை. கூடாரம் என்று விளக்கினேன். ஞாயிற்றுக்கிழமையில் கொடுக்கல் வாங்கல் பேசுவதில்லை, இன்னொரு நாள் வாருங்கள் என்று சொல்லிக் குளிர்ந்த தண்ணீர் தந்தார். திரும்பி வந்தோம். பஸ்ரியன் முன்பே சொல்லியிருக்கவேண்டும்.

6 ஜூலை, சனி

திரும்பவும் போனோம். சரி என்றார். கையைப் பிடித்துக் குலுக்கினார், அவ்வளவுதான் ஒப்பந்தம். ஒரு மனிதன் இன்னொரு மனிதனின் வாசலில் வந்து நின்று கேட்டால் அதற்கு ஒரு மதிப்பு இருக்கிறது. இதை வரும் வழியில் நிரூபாவுக்கும் சொன்னேன்.

"அப்பா, ஆரெண்டே தெரியாத ஆளைக் கேக்க ரெண்டு தரம் இவ்வளவு தூரம் வந்தனீங்கள். அஜக்ஸ் இஸ் லைக், ஃபோட்டி மினிற்ஸ்."

நான் றேடியோச் சத்தத்தைக் கூட்டினேன்.

7 ஜூலை

கூடாரம் வாங்கினேன். இரண்டு. ஒன்று போதும்தான், இரண்டாவதை மலிவாகப் போட்டிருந்தார்கள்.

14 ஜூலை, ஞாயிறு

அஜக்ஸுக்குப் போனேன். தனியாக. ஜெயமலருக்காகப் போனேன் என்று இங்கே எழுதிவைக்கிறேன், வேறு ஒரு காரணமும் கிடையாது.

சண்முகலிங்கம் புல் வெட்டிக்கொண்டிருந்தான். என்னைக் கண்டான். மெசினை நிற்பாட்டவில்லை. "பொறுங்கோ, உந்த மூலையை முடிச்சிட்டு வாறன்" என்று கத்தினான். அந்த மூலையை முடித்தான், பிறகு அடுத்த மூலையையும் முடித்தான். நான் அவனுடைய ட்றைவ்வேயில் நின்றேன். போயிருக்கலாம். ஏன் போகவில்லை?

"என்ன மச்சான், வழி மாறி வந்தியளோ?"

"ஓகஸ்ட் லோங் வீக்கெண்ட் காம்பிங் போறம். நீங்களும் குடும்பமா வரவேணும். நேரில சொல்லிட்டுப் போக வந்தனான்."

முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னான்: "ஒரு போன் அடிச்சிருக்கலாமே."

சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. அவன் மனைவி கமலாம்பிகை கதவைத் திறந்து, "வாசலில நிண்டே கதைக்கப்போறியளோ, உள்ளுக்கு வாங்கோ" என்றாள். தேத்தண்ணி தந்தாள். குடித்தேன். சீனி கொஞ்சம் கூடிவிட்டது. புறப்படும்போது அவன் சொன்னது ஒரே சொல், "பாப்பம்."

28 ஜூலை

அஜக்ஸில் இருந்து ஒரு பதிலும் இல்லை. ஜெயமலர் ஒன்றும் கேட்கிறாள் இல்லை, சாமான்களையும் கட்டுகிறாள் இல்லை. எனக்கென்ன, வராட்டி விடட்டும். படியேறிப் போய்ச் சொல்லியாச்சு. ஒரு மனுசன் இதுக்கு மேல என்ன செய்யிறது? காலில விழச் சொல்லுவினமோ?

1 ஓகஸ்ட், வியாழன்

வேலையால் வந்தபோது ஜெயமலர் அடுப்படியில் மிளகாய் பொரித்துக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்: "மச்சாள் போன் எடுத்தவ. ரைஸ் குக்கரும் புட்டுப் பானையும் தானே கொண்டு வாறாவாம்."

சரி என்றேன். எங்கள் பெட்டிகள் நாலும் கட்டி வாசலடியில் இருந்தன.

4 ஓகஸ்ட், ஞாயிறு. பண்ணையில், சண்முகலிங்கத்தின் வான் வண்டிக்குள் இருந்து

நேற்று நிலத்தைப் பார்த்து, சரிவைப் பார்த்து, இரண்டு கூடாரமும் நானே அடித்தேன். ஒழுங்கான வேலை. மழை எதிர்பாராத பக்கத்தால் வந்தது.

"என்ன மச்சான், சேர்வேயர் அடிச்ச கூடாரத்துக்குள்ள ஆறு ஓடுது?"

"உன்ர மனுசியட்டக் கேள், ரைஸ் குக்கரை எந்த மரத்தில கொழுவப்போறா எண்டு."

கமலாம்பிகை விடவில்லை. "காம்பிங் எண்டா பிளக் இருக்கும் எண்டு நினைச்சன். கறன்ற் இல்லாத ஊரைத் தேடிப் பிடிச்சது ஆர்?"

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். என் மகன் திலக்சனுக்குக் கண்ணால் தண்ணி வந்துவிட்டது. மழை விட்டபிறகு ஈர விறகில் நெருப்பு மூட்டியது சண்முகலிங்கம். அவனுக்கு அது வரும், ஒத்துக்கொள்கிறேன். ரைஸ் குக்கரின் உள்சட்டியையே அடுப்பில் வைத்துச் சோறு ஆக்கினோம். சட்டி இனி ஒன்றுக்கும் உதவாது. சோறு அடிப்பிடித்துவிட்டது, ஆனால் மிச்சம் இல்லை.

ஜெயமலர் நேற்றுத் தொடங்கி அட்சயாவை விட்டு எழும்புகிறாளில்லை. இருவரும் ஒரே போர்வைக்குள் இருந்து என்ன கதைக்கிறார்களோ தெரியாது.

நானும் அவனும் வானின் முன்சீற்றில் இருக்கிறோம். மழையைப் பற்றிக் கதைத்தோம், பிறகு வீட்டு வரியைப் பற்றி. பழைய விசயத்தை அவனும் எடுக்கவில்லை. எடுத்திருந்தால் சொல்லவேண்டியதை எல்லாம் ஒழுங்காக மனதில் வைத்திருந்தேன்.

6 ஓகஸ்ட், செவ்வாய்

வேலை. முதுகு நோகிறது. நனைந்த கூடாரத்தைப் பல்கனியில் போட மனேஜர் விடமாட்டான், நாங்கள் இருக்கும் சென் ஜேம்ஸ் ரவுண் கட்டடங்களில் அதுவும் ஒரு சட்டம். அஜக்ஸில் வளவு இருக்கிறது. சண்முகலிங்கம் கொண்டுபோய்விட்டான்.

10 ஓகஸ்ட், சனி

கூடாரத்தை எடுத்துவர எல்லோருமாக அஜக்ஸுக்குப் போனோம். மதிலோடு கயிற்றுக் கொடி கட்டி விரித்திருந்தான். நல்ல வெயில், எப்போதோ காய்ந்திருக்கும். கமலாம்பிகை சாப்பிட்டுவிட்டுத்தான் போகவேண்டும் என்றாள். சாப்பிட்டோம். பிறகு சீட்டு விளையாடினோம். சண்முகலிங்கம் கள்ள ஆட்டம் ஆடுகிறவன் என்பது உறுதியாகிவிட்டது.

வீட்டுக்கு வந்து லிஃப்டில் ஏறியபிறகுதான் திலக்சன் கேட்டான், கூடாரம் எங்கே என்று. ஒருவரும் எடுக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை போய் எடுக்கலாம்.