டிஜே மேசைக்குப் பக்கத்துக் கதிரை

உன் தையல் மெஷினுக்கு இன்று காலை எண்ணெய் விட்டேன். மூடியைத் தூக்கியதும் அந்த மணம் வந்தது. பஞ்சும் எண்ணெயும் பழைய இரும்பும் கலந்த, உன் விரல்களில் எப்போதும் இருந்த மணம். நீ போன பிறகு பரந்தனில் நம் தையல் கடையில் அந்த மெஷினில் யாரையும் இருக்க விட்டதில்லை. உன் மகளின் கலியாணச் சாறிக்குச் சட்டை தைக்கத்தான் நானே முதன்முதலாக அதில் இருந்தேன்.

கோபிகாவின் கலியாணம் போன மாதம் முடிந்தது. எனக்கு இன்னும் நெஞ்சுப் படபடப்பு அடங்கவில்லை. எப்படி நடந்தது என்று உன்னிடம் சொல்லிவிட்டால் அடங்கும் போலிருக்கிறது.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் நீ என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னது நினைவிருக்கிறதா? "நகை, சாறி, சாப்பாடு எல்லாம் ஆரும் பாப்பினம். கலியாணத்தண்டைக்கு நீ இவரைப் பார். சத்தத்துக்கை விட்டிடாதை." பிறகு, மூச்சு வாங்க, "இதை ஒருத்தருக்கும் சொல்லாதை" என்றாய். இரண்டுக்கும் நான் ஓம் என்றேன். அந்த இரண்டு ஓமும் பின்னொரு நாள் ஒன்றோடொன்று மோதும் என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

நான் அண்ணை என்று கூப்பிடும் உன் மனுசனைப் பற்றி ஊருக்குத் தெரிந்தது வேறு. எந்தக் கலியாண வீட்டிலும் பந்தி முடியும் மட்டும் நிற்கமாட்டார், திருவிழாவில் வாணம் விடும்போது ஆளைக் காணக் கிடைக்காது, சரியான தலைக்கனம் பிடித்த மனுசன் என்று கதைத்தார்கள். "கதைக்கட்டும். பயந்தவர் எண்டு கதைக்கிறதைவிட அது நல்லம்" என்று நீ சிரிப்பாய். சண்டைக் காலத்துக்குப் பிறகு அவருக்குக் குத்துகிற சத்தம் தாங்க ஏலாது என்பது உனக்கும் கோபிகாவுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். நிலத்துக்குள்ளிருந்து வருகிற மாதிரி ஒரு அதிர்வு கேட்டால் போதும், அந்தப் பெரிய உடம்பு அப்படியே குந்திவிடும். கண் திறந்திருக்கும், ஆனால் ஆள் அங்கே இருக்கமாட்டார்.

கோயில் திருவிழாக் காலத்தில் வாணம் தொடங்குமுன் நீ அவரை வயல் கொட்டிலுக்குக் கூட்டிப்போய், தண்ணீர் மெஷினை ஓட விட்டு, அதன் இரைச்சலுக்குப் பக்கத்தில் இருவரும் இருப்பீர்கள். ஒருமுறை தேநீர்ப் போத்தலோடு நானும் வந்தேன். "தொடர்ந்து கேக்கிற சத்தம் இவருக்கு ஒண்டும் செய்யாது. அடங்கியிருந்திட்டுத் திடீரெண்டு வாறதுதான்" என்று என் காதுக்குள் கத்தினாய். அண்ணை வாய்க்காலைப் பார்த்தபடி தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். எனக்கு அன்று உங்களைப் பார்க்கப் பொறாமையாகக்கூட இருந்தது.

இப்படிப்பட்ட வீட்டில்தான் கோபிகா கலியாணத்துக்கு டிஜே வேண்டுமென்றாள்.

அவள் கேட்டதில் ஒரு பிழையும் இல்லை. அண்ணை வயலுக்குப் போன பிறகு குசினியில் றேடியோவைக் குறைத்துப் போட்டுவிட்டு நீயும் அவளும் ஆடுவீர்களே, அகப்பையும் கையுமாக. வாசலில் மோட்டார் சைக்கிள் கேட்டதும் நிற்பாட்டிவிட்டு இருவரும் மூச்சிரைக்க வெங்காயம் உரிப்பீர்கள். "சித்தி, கொஞ்சப் பேர் வந்தாக் காணும். பெரிய மண்டபம் வேண்டாம், பல்லக்கு வேண்டாம். ஒருக்காலாவது சத்தமாப் பாட்டுப் போட்டு ஆடோணும். அம்மாவோடை ஒருநாளும் சத்தமா ஆடேல்லை" என்றாள். மாப்பிள்ளை கஜன் பூவரசங்குளத்துப் பிள்ளை. கலகலவென்று கதைக்கிறவன். அவனுக்கும் அதே ஆசைதான்.

அண்ணை சொன்னார், "போடுங்கோ. தாலி கட்டினதோடை நான் வீட்டை வாறன். மாடு பாக்க ஆள் வேணும்தானே." கோபிகா தட்டை வைத்துவிட்டு எழும்பிப் போனாள். அறைக்குள் போய் அவளைப் பார்த்தேன். "அப்பா இல்லாட்டி எனக்குப் பாட்டு வேண்டாம். அப்பிடியே விடுங்கோ சித்தி" என்றாள். அழவில்லை. அதுதான் எனக்குக் கூடப் பயமாக இருந்தது. உன்னைப்போலவே முகத்தைக் கல்லாக்கிக்கொண்டு நின்றாள்.

அவளிடம், பாட்டு இருக்கும், அப்பாவும் இருப்பார் என்று சொல்லிவிட்டேன். எந்தத் துணிவில் சொன்னேனோ தெரியாது.

கஜனின் தாய்க்குப் பிடித்தது கிளிநொச்சியில் ஒரு ஏசி மண்டபம். நாலு பக்கமும் சுவர், சுவர் முழுக்கக் கண்ணாடி. உள்ளே நின்று கையைத் தட்டிப் பார்த்தேன். தட்டிய சத்தம் சுவரில் பட்டுத் திரும்பி வந்து என் முதுகில் அடித்தது. வெளியே போகிற கதவு மறு முனையில். அண்ணை இந்தப் பக்கத்தில் இருந்தால் அத்தனை சனத்தையும் தாண்டிப் போகவேண்டும். "கை கழுவிற இடம் வடிவில்லை" என்று ஏதோ சொன்னேன். கஜனின் தாய் என்னை ஒரு மாதிரிப் பார்த்தா. பொம்பிளை வீட்டுப் பக்கம் வில்லங்கம் பிடிக்குது என்று நினைத்திருப்பா. உண்மையைச் சொல்லலாம் என்று வாய் திறக்கும். சொன்னால், தகப்பனுக்கு மனம் சரியில்லாத குடும்பமோ என்று ஒரு கதை கிளம்பிவிடுமோ, கலியாணமே குழம்பிவிடுமோ என்று வாய் மூடும்.

கடைசியில் பரந்தனுக்கு அங்காலை வயற்கரையில் ஒரு மண்டபம் கிடைத்தது. இரண்டு பக்கமும் அரைச்சுவர்தான், மிச்சம் வெளி. சத்தம் உள்ளே தங்காமல் வயலுக்குப் போய்விடும். மேடைக்குப் பக்கத்திலேயே படி இறங்கினால் புல்லுத்தரை. காற்று வருகிறது என்று கஜனின் தாயும் ஓம் பட்டா.

டிஜேதான் கிடைக்கவில்லை. முதலில் கதைத்த ஆளிடம் குத்துகிற சத்தத்தைக் குறைக்கலாமா என்று போனில் கேட்டேன். "அன்ரி, பேஸ் இல்லாட்டி அது டிஜே இல்லை, றேடியோ" என்று சிரித்தான். இரண்டாவது ஆள் கொஞ்சம் பொறுமையானவன். ஸ்பீக்கர் பொக்ஸ் இரண்டைக் கொண்டுவந்து மண்டபத்திலேயே போட்டுக் காட்டுகிறேன் என்றான். அண்ணைதான் என்னை மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து விட்டார். வெளியே மரத்தடியில் நில்லுங்கோ என்று சொல்லிவிட்டு நான் உள்ளே போனேன்.

"மாப்பிள்ளைப் பக்கத்திலை ஒரு இருதய வருத்தக்காரர் வாறார், தம்பி" என்று தொடங்கினேன்.

"அப்ப அவரைக் கடைசி வரிசையிலை இருத்துவம், அன்ரி."

"இல்லை, அவர் முன்னுக்குத்தான் இருக்கோணும்."

"மாப்பிள்ளையின்ரை தகப்பனோ?"

"இல்லை... மாமா முறை."

"அப்ப கொஞ்ச நேரம் வெளியிலை..."

அடுத்து என்ன பொய் சொல்வதென்று தெரியவில்லை. அப்போது பின்னால் செருப்புச் சத்தம். அண்ணை படியேறி வந்து எனக்குப் பக்கத்தில் நின்றார்.

"எனக்குத்தான், தம்பி," என்றார். "நான் பொம்பிளையின்ரை தகப்பன். குத்துற சத்தம் எனக்கு ஏலாது. கேட்டா விழுந்திடுவன்."

அவர் வாயால் அதைச் சொல்லி நான் ஒருநாளும் கேட்டதில்லை. நீ கேட்டிருக்கிறாயோ தெரியாது. அந்தப் பெடியன் சிரிக்கவும் இல்லை, பரிதாபப்படவும் இல்லை. கையிலிருந்த வயரைக் கீழே வைத்தான். "இப்ப கொஞ்சமாப் போட்டுப் பாப்பமா, ஐயா? ஏலாட்டிக் கையைத் தூக்குங்கோ, நிப்பாட்டிறன்."

அண்ணை கதிரையை இழுத்துப்போட்டு இருந்தார். பாட்டு மெல்லத் தொடங்கியது. கூட்டினான், அண்ணை கையைத் தூக்கினார். குறைத்தான். ஏதோ பொத்தானைத் திருகினான், மறுபடி போட்டான். அண்ணையின் கழுத்து நரம்பு துடிப்பதைப் பார்த்துக்கொண்டு நான் அரைச்சுவரைப் பிடித்தபடி நின்றேன். எத்தனையோ முறை கை எழும்பி இறங்கியது. கடைசியில் ஒரு முழுப் பாட்டும் கை எழும்பாமல் முடிந்தது. அண்ணையின் சேட்டு வேர்வையில் முதுகோடு ஒட்டிப்போயிருந்தது. "இது காணும்" என்றார்.

கலியாணத்தன்று கோயிலில் எல்லாம் ஒழுங்காக நடந்தது. மண்டபத்தில் சாப்பாடு முடிய பாட்டுத் தொடங்கியது. பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் இடைவெளி விடாமல் ஒன்றுக்குள் ஒன்றாகப் போட்டான் அந்தப் பெடியன். கோபிகா சாறியைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஆடினாள். அண்ணை முன்வரிசையில் இருந்தார். நான் ஆட்டத்தைப் பார்க்கவில்லை, அவர் கைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். யாரோ என் பக்கத்தில் பாயாசம் வைத்துவிட்டுப் போனது பிறகுதான் தெரிந்தது.

அப்போது கறண்ட் போனது.

ஃபான் நின்றது, பாட்டு நின்றது. சனம் ஓவென்று சிரித்தது. நான் எழும்புவதற்குள் பின்னால் ஜெனரேற்றரைப் போட்டுவிட்டார்கள். பொக்ஸ் இரண்டும் உயிர் வந்து "டும்" என்று ஒரே ஒரு குத்து. நிலம் அதிர்ந்தது. நான் திரும்பினேன். அண்ணையின் கதிரை வெறுமையாக இருந்தது.

படியிறங்கி ஓடினேன். புல்லுத்தரையில் சுவரோடு ஒட்டிக் குந்தியிருந்தார், இரண்டு கையும் தலைக்கு மேலே. எனக்கு முதலே கோபிகா வந்துவிட்டாள். கலியாணச் சாறியோடு மண்ணில் குந்தி, அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, "அப்பா, கறண்ட்தான் போனது அப்பா. கறண்ட்தான்" என்று சொல்லிக்கொண்டேயிருந்தாள். கஜன் பின்னால் வந்து நின்றான். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். அவன் வேட்டியைச் சுருட்டிக்கொண்டு அவரின் மற்றப் பக்கத்தில் குந்தினான். அரைச்சுவருக்கு மேலாகக் கஜனின் தாய் எட்டிப் பார்த்தா. பார்த்துவிட்டுத் திரும்பி, வெளியே வரப்போன ஆட்களை, "சாப்பாட்டுப் பக்கம் வாங்கோ, இன்னும் பலகாரம் இருக்கு" என்று மறித்துக் கூட்டிக்கொண்டு போனா. எனக்கு அந்த மனுசியின் காலில் விழவேண்டும் போலிருந்தது.

கொஞ்ச நேரத்தில் அண்ணையின் கண்ணுக்கு ஆள் திரும்பி வந்தது. "வீட்டை போவமா, அண்ணை?" என்றேன். நீ அப்படித்தான் கேட்பாய். அவர் மகளின் சாறியில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டார்.

"அந்தத் தம்பிக்குப் பக்கத்திலை ஒரு கதிரை போடச் சொல்லு," என்றார். "அவன் கை வைக்கிறதைப் பாத்துக்கொண்டிருந்தா சத்தம் எப்ப வருமெண்டு தெரியும்."

அப்படியே போட்டோம். மிச்ச நேரம் முழுக்க அண்ணை டிஜே மேசைக்குப் பக்கத்தில் இருந்தார். சத்தத்தைக் கூட்டுமுன் ஒவ்வொரு முறையும் அந்தப் பெடியன் முதலில் அவரைப் பார்த்துத் தலையசைப்பான், அவர் கதிரைக் கையை இறுக்கிப் பிடிப்பார், பிறகுதான் சத்தம் வரும். பாவம், முகம் வெளிறித்தான் இருந்தது. ஆனால் எழும்பவில்லை. கோபிகா நேரே அவருக்கு முன்னால் வந்து நின்று ஆடினாள். சத்தமான பாட்டுக்கு, உன் மகள், உன்னைப்போலவே தோளைக் குலுக்கி ஆடினாள். நான் அப்போதுதான் அழுதேன்.

போகும்போது அண்ணை என்னிடம் சொன்னார், "அவா இருந்திருந்தா என்னைக் கூட்டிக்கொண்டு வயலுக்குப் போயிருப்பா. பிள்ளை ஆடினதை ரெண்டு பேரும் பாத்திருக்கமாட்டம்."

குறையாகச் சொல்லவில்லை. உன்னை நினைத்து, உன்மேல் இரக்கப்பட்டுச் சொன்னார். இத்தனை வருடமும் நீ அவரோடு எத்தனை கொண்டாட்டங்களை விட்டுவிட்டு எழும்பிப் போயிருப்பாய் என்று அன்றுதான் எனக்கு உறைத்தது. இதைக் கேட்டால் உனக்குச் சந்தோசமாக இருக்குமோ, நோகுமோ தெரியவில்லை. ஆனால் உனக்கு நான் எதையும் ஒளித்ததில்லை.

இப்போது அண்ணை வீட்டில் தனியே. கோபிகா ஞாயிறுகளில் வருகிறாள். எங்காவது வெடி கொளுத்துகிற சத்தம் கேட்டால் செய்கிற வேலையைப் போட்டுவிட்டு உங்கள் வீட்டுப் பக்கம்தான் திரும்புகிறேன். அவருக்கு ஒன்றுமில்லை என்று கண்ட பிறகுதான், என் நெஞ்சும் அந்தச் சத்தத்துக்கு அவருடையதைப்போலவே அடித்துக்கொண்டிருப்பது எனக்குத் தெரிகிறது.