தரையில் ஊன்றிய கை

ஜனவரி 9
இன்று ஒரு பக்கம் முழுக்க என் கையால் எழுதினேன். அறுபத்தொன்பது வயதில்! தூல்மா கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தாள். "ஆட்டுப் புழுக்கைய வரிசையா வெச்ச மாதிரி இருக்கு, கிழவரே." என் மனைவிதான் என் வாத்தியார். அவள் பள்ளிக்கூடம் போன வயதில் நான் மந்தையோடு போனேன்.

முதலில் பழகிய சொல் மகன் பெயர். நெர்குய். எங்கள் மொழியில் பெயரில்லாதவன் என்று பொருள். முன்னால் பிறந்த இரண்டும் தங்கவில்லை. கெட்டது தேடி வந்தால் ஆள் அகப்படக் கூடாது என்றுதான் அப்படி வைத்தோம். எழுதிப் பார்த்தால் எவ்வளவு அழகு!

ஜனவரி 11
நெர்குய் ஜப்பானிலிருந்து பேசினான். பதினேழு வருஷமாக அங்கே சுமோ மல்லன். மறுபடியும் அதே பேச்சு. களத்தை விட்ட பிறகு அங்கேயே குருவாக இருக்க வேண்டுமானால் அந்த நாட்டுக் குடிமகனாக வேண்டும், மங்கோலியக் குடியுரிமையை விட வேண்டும். பெற்றோர் கைப்பட எழுதிய சம்மதம் வேண்டுமாம். தூல்மா எழுதிப் பெட்டியில் வைத்து இரண்டு வருஷம் ஆகிறது. நான்தான் "எனக்கு எழுதத் தெரியாதே" என்று தப்பித்து வந்தேன்.

"இப்ப எழுதறீங்களாமே, அம்மா சொன்னாங்க," என்றான்.

எழுத்து வந்த சந்தோஷத்தில் நான் இதை யோசிக்கவே இல்லை. இவள் யோசித்திருக்கிறாள்.

ஜனவரி 13
போட்டி ஆரம்பம். பதினைந்து நாள், நாளுக்கு ஒரு மோதல். காலையில் தேநீரின் முதல் கரண்டியைத் தூல்மா வழக்கம்போலக் கிழக்கே, அவன் இருக்கும் திசையில் தெளித்தாள்.

இரண்டாம் பிரிவின் கடைசிப் பெயர் அவனுடையது. எட்டு ஜெயிக்க வேண்டும். இல்லாவிட்டால் கீழே போவான். சம்பளம் இல்லை, தனி அறை இல்லை, முப்பத்துநாலு வயதில் தன்னைவிடச் சின்னவர்களுக்கு முதுகு தேய்க்க வேண்டும்.

இன்று தோற்றான்.

ஜனவரி 19
நாலு வெற்றி, மூன்று தோல்வி. வலது முழங்காலில் கட்டு பெரிதாகிவிட்டது.

ஜனவரி 24
தூல்மாவோடு சண்டை.

"நாட்டையே விட்டுட்டா அப்புறம் அவன் யாருடி?"

"உங்க மகன்."

"பாஸ்போர்ட்டுல?"

"நான் என்ன பாஸ்போர்ட்டையா பெத்தேன்?"

வெளியே போய் ஆடுகளை எண்ணினேன். இரண்டு முறையும் தப்பு.

ஜனவரி 26
ஏழு வெற்றி, ஏழு தோல்வி. நாளை ஒன்றுதான் பாக்கி.

ஜனவரி 27
பக்கத்துக் கூடாரத்துப் பூன்சால் எங்கள் டிவியில் போட்டி பார்க்க வந்தான். "அண்ணே, இன்னிக்கு உங்க பையன் ஜெயிச்சா என் ஒட்டகத்துக்கு அவன் பேரு!" என்றான். "பேரே இல்லாதவன் பேரையா?" என்றாள் தூல்மா. வரப்போகும் புத்தாண்டுப் பண்டிகைக்காக இறைச்சிக் கொழுக்கட்டை பிடித்துக்கொண்டிருந்தாள். சிரித்தோம்.

மோதினார்கள். நெர்குய் தள்ளிக்கொண்டே போனான். விளிம்பில் முழங்கால் மடிந்தது. சாயும்போது இடது கையைத் தரையில் ஊன்றி, அப்படியே சுழன்று எதிராளியைத் தூக்கி எறிந்தான்.

"ஜெயிச்சிட்டான்!" என்று நானும் பூன்சாலும் எழுந்து கத்தினோம். நடுவர் அடுத்தவன் பக்கம் விசிறியைக் காட்டினார். "கண்ணு அவிஞ்சு போச்சா அவனுக்கு! கைதானேய்யா பட்டுச்சு!" என்றான் பூன்சால்.

தூல்மா மாவைப் பார்த்தபடியே சொன்னாள்: "அங்க கை பட்டாலும் தோல்விதான்."

தெரியும். பதினேழு வருஷமாகத் தெரியும். இருந்தும் வாய் கத்தியது.

நம் மல்யுத்தத்தில்தான் கை தரையைத் தொடலாம். ஆறு வயதில் அவனுக்கு நான் சொன்னது — கையை ஊன்று, திரும்பு, எழு. கை பட்டால் ஆள் விழுந்ததாகாது. நூறு முறை சொல்லியிருப்பேன்.

ஐயோ, அது என் கை.

ஜனவரி 28
அவனே கூப்பிட்டான். "நான் சொல்லிக் குடுத்ததுதான்டா உன்னைக் கவுத்துடுச்சு," என்றேன்.

"அப்பா, கால் போச்சு. அந்த நொடியில யோசிக்கவா முடியும்? கை வீட்டுக்குப் போயிடுச்சு, அவ்வளவுதான்." சிரித்தான். பிறகு மூக்கை உறிஞ்சினான். "பொடிப்பசங்க எல்லாம் என்னை மங்கோலியக் கைன்னு கூப்பிடறானுங்க."

"குடியுரிமை வர்ற வரைக்கும் என்னடா பண்ணுவ?"

"அதுவரைக்கும் மல்லனா இருந்தாதான் குரு ஆக முடியும். கீழ கிடந்து முதுகு தேய்ப்பேன்."

ஜனவரி 29
சம்மதக் கடிதம் இன்றும் எழுதவில்லை. அந்த நாட்டுச் சோறும் பேச்சும் பதினேழு வருஷம். அந்தக் கையை அவை ஒன்றும் செய்யவில்லையே. பிறகு ஒரு காகிதம் என்ன செய்யும்? நான் எதற்குப் பயந்தேன்?

ஜனவரி 30
ஆறு தாள் வீண். ஏழாவது நன்றாக வந்தது. "நெர்குய் என் மகன். அவன் விரும்பும் நாட்டின் குடிமகனாக எனக்குச் சம்மதம்." தூல்மா ஒரு பிழைகூடக் காட்டவில்லை. தாளை முகர்ந்து, பெட்டியைத் திறந்து, தன் கடிதத்தோடு சேர்த்து மடித்தாள்.

நவம்பர் 6
குடியுரிமை கிடைத்துவிட்டது. ஒன்பது மாதம் முதுகு தேய்த்துவிட்டான். அந்த நாட்டுக்கான புதுப் பெயரை ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னான், எழுதிக்கொண்டேன். நீளமான பெயர். அதன் கீழே பழையதையும் எழுதி வைத்தேன்.

காலையில் தூல்மா தேநீர்க் கரண்டியோடு கிளம்பினாள். "இனி அந்த நாட்டுக்காரனுக்கு இது போய்ச் சேருமா?" என்று கேட்டேன்.

"இத்தனை வருஷமும் எங்க போய்ச் சேர்ந்துச்சாம்?"

இன்று நான் தெளிக்கிறேன் என்று கரண்டியை வாங்கிக்கொண்டேன். வாசலில் உறைபனி. வழுக்கியது.

"விழுந்துட்டீங்களா?" என்று ஓடி வந்தாள்.

"இல்ல," என்றேன். "கைதான் பட்டுச்சு."