ரெக்ஸ் ஹாலோரன் கேட்ட கதை

முர்ரிங்கா
மே 9, 2004

அன்புள்ள தெல்மாவுக்கு,

உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது. நீ அங்கே முணுமுணுப்பது இங்கே எனக்குக் கேட்கிறது. இடுப்பு எலும்பு கூடிவிட்டது. ஆனாலும் தனி வீடு இனி வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால் முதியோர் இல்லத்திலேயே தங்கிவிட்டேன். சாப்பாட்டில் உப்பும் இல்லை, வெட்கமும் இல்லை. மற்றபடி குறையொன்றும் சொல்வதற்கில்லை.

என் ஜன்னல் நம் ஆஸ்திரேலியக் கால்பந்து மைதானத்தைப் பார்த்து இருக்கிறது. பைன் மரங்களுக்கு நடுவே வடக்குப் பக்கத்துக் கோல் கம்பங்கள் நான்கும் தெரிகின்றன. காலையில் ஏரியிலிருந்து பனி ஏறி வந்து புல்லை மூடிவிடுகிறது. அப்போது கம்பங்கள் மட்டும் பாலுக்குள் நிற்கிற மாதிரி நிற்கும். நாம் இரண்டு பேரும் ஐம்பது வருஷம் சாய்ந்து நின்ற அந்த வேலி எங்கேயென்று தேடுவேன். தெரியாது. ஆனால் அங்கேதான் இருக்கிறது.

இனி சொல்லப்போவதைப் படித்துவிட்டுக் கடிதத்தைக் கிழித்துப் போடாதே. எதிர் அறைக்கு ரெக்ஸ் ஹாலோரன் வந்திருக்கிறார்.

அவருக்கு நினைவு போய்விட்டது, தெல்மா. அவர் மகள் பழைய கிளப் போட்டோவைச் சுவரில் மாட்டியிருக்கிறாள். சாம்பல் சட்டைப் பையன்களுக்கு நடுவில் கோப்பையோடு அவர். அதைப் பார்த்து என்னிடம் கேட்கிறார்: "யாரும்மா இந்த ஆளு? நம்மளை என்னத்துக்கு இப்படி மொறைக்கிறான்?"

'அது நீங்கள்தான்' என்று ஒரு நர்ஸ் சொன்னாளாம். "அய்யோ, எனக்கு ஒண்ணும் தெரியலையே, இப்போ டீமை எப்படி எறக்குறது" என்று அன்றைக்கு முழுக்க அழுதாராம். அதிலிருந்து யாரும் சொல்வதில்லை. கதை மாதிரி சொன்னால் மட்டும் குழந்தை போலக் கேட்கிறார். நம் கிளப்பின் பழைய கோச்சுகளைப் பற்றி நான் ஆரம்பித்தேன். ஆல்ஃப் டிரான்ட்டர் தொப்பியை மிதித்ததோடு என் சரக்கு தீர்ந்துபோனது. ஞாபகமெல்லாம் உன்னிடம்தானே இருக்கிறது. எழுதி அனுப்பேன். வாசித்துக் காட்டுகிறேன்.

உன்னை விடாத தோழி,
நோரீன்


டவுன்ஸ்வில்
மே 24, 2004

அன்புள்ள நோரீன்,

அடி பைத்தியக்காரி, இந்த உலகத்தில் உனக்கு வேறு எதிர் அறைக்காரர் கிடைக்கவில்லையா?

நான் நலம். மகனும் மருமகளும் நலம். இங்கே வடக்கே ஜூன், ஜூலை குளிர்காலம் என்பது வெறும் பேச்சுக்குத்தான். இந்த ஊரில் ஆடுவது நம் ஆட்டம் இல்லை, ரக்பி. பத்துப் பேர் ஒருவர்மேல் ஒருவர் விழுகிறார்கள், அடியில் எங்கேயோ ஒரு பந்து கிடக்கிறது. சனிக்கிழமைகளில் எனக்குப் போக்கிடமே இல்லை.

ஆல்ஃப் டிரான்ட்டரிலிருந்தே சொல்கிறேன். கசாப்புக் கடைக்காரர். இடைவேளையில் பையன்களை வட்டமாக நிறுத்தி அவர் கத்தினால் ஏரியிலிருந்து ப்ரோல்காக் கொக்குகள் எழும்பிப் பறக்கும். நம் கிளப்புக்கு அந்தக் கொக்கின் பெயர் வைத்ததற்கு அவை அடைந்த ஒரே பலன் அதுதான். தொப்பியைக் கழற்றி அடிப்பார், மிதிப்பார். அவர் மனைவி தேவாலயத்துப் பழந்துணி விற்பனையில் தொப்பி தொப்பியாக வாங்கி வைத்திருப்பாள். சரியாக ஆடாத பையன் வீட்டுக்குத் திங்கட்கிழமை நல்ல கறித்துண்டாகப் பார்த்து அனுப்புவார். "தின்னுட்டு ஓடச் சொல்லு அந்தச் சோம்பேறியை!"

அவருக்குப் பிறகு பேசில் ஓக்‌ஷாட், பூகோள வாத்தியார். ஆட்டத்துக்கு முன்னால் எல்லோரையும் புல்லில் மல்லாக்கப் படுக்க வைப்பார். "கண்ண மூடுங்க. பந்து வருது. மேகத்துலேர்ந்து வருது. பாருங்க." எதிர் அணிக்காரர்கள் வயிறு வலிக்கச் சிரிப்பார்கள். நம் பையன்களில் பாதிப்பேர் தூங்கிவிடுவார்கள். ஆனால் அந்த மூடுபனி ஆட்டம் ஞாபகமிருக்கிறதா? மைதானத்தைச் சுற்றி நின்ற கார்கள் எல்லாம் விளக்கைப் போட்டன. அப்போதும் வெளிச்சம்தான் தெரிந்தது, ஆட்டம் தெரியவில்லை. உள்ளே எங்கேயோ காலடிச் சத்தம், யாரோ யார் பெயரையோ கூப்பிடுவது, 'தொம்' என்று பந்து உதைபடுவது. பிறகு பனிக்குள்ளிருந்து கோல் நடுவரின் இரண்டு வெள்ளைக் கொடிகள் மட்டும் அசையும். யார் போட்ட கோல் என்று தெரியாமலே எல்லாக் காரும் ஹாரன் அடித்தது. நாம் ஜெயித்தோம். பையன்கள் கண்ணை மூடிக்கொண்டே ஆடியிருப்பார்கள் என்று நீ சொன்னாய்.

அவருக்குப் பிறகு வந்தவரைப் பற்றி ஒரு வரி எழுத மாட்டேன். ஏன் என்று உனக்குத் தெரியும்.

இடுப்பைப் பார்த்துக்கொள்.
தெல்மா


முர்ரிங்கா
ஜூன் 13, 2004

என் அருமை தெல்மா,

நீ எழுதியதை இதுவரை எத்தனை தடவை வாசித்தேன் என்று கணக்கில்லை. ஒவ்வொரு தடவையும் அவருக்குப் புதுசு. தொப்பிக்குச் சிரிக்கிறார். மூடுபனி வந்ததும் நாற்காலியில் நிமிர்ந்துவிடுகிறார். "கத்தாதீங்க, பசங்க எங்க நிக்கிறாங்கன்னு காது குடுத்துக் கேளுங்க" என்று என் கையைப் பிடித்து அமுக்குகிறார். நாங்கள் இரண்டு பேரும் காது கொடுத்துக் கேட்போம். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கும் காலடிச் சத்தம் கேட்கிறது.

பிறகு கேட்கிறார்: "வாத்தியாருக்கு அப்பறம் யாரு வந்தது?"

"என் ஃபிரெண்டு இன்னும் எழுதல ரெக்ஸ்."

"ஏன், கோவமா?"

"கொஞ்சம்."

"யார் மேல?"

தேநீர் ஆறுகிறது என்று சொல்லிவைத்தேன்.

உன் தம்பி கெல்வினை நான் மறக்கவில்லை. அவனுக்கு நீ அக்கா மட்டுமா, அம்மாவும் நீதானே. ஆனால் இந்த மனிதரிடம் இப்போது கோபிப்பதற்கு ஆள் இல்லை, தெல்மா. அந்த ஆள் காலிசெய்துவிட்டுப் போய்விட்டார். நீ எழுதாவிட்டால் விட்டுவிடுகிறேன். அவர் கேட்பதைத்தான் நிறுத்த முடியவில்லை.

அன்போடு,
நோரீன்


டவுன்ஸ்வில்
ஜூன் 27, 2004

நோரீன்,

ஆள் காலிசெய்துவிட்டுப் போனாராம்! அப்படிப் போவதற்கு எனக்கும் வழி தெரிந்தால் நன்றாக இருக்கும். சரி. கேட்டாரல்லவா, கேட்கட்டும்.

வாத்தியாருக்குப் பிறகு வந்தவர் ஒருநாளும் கத்தியதில்லை. பைன் மரத்தடியில் தனியாக நிற்பார், பழுப்புக் கோட்டின் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு. பையன்கள் மைதானத்துக்குள் ஓடும்போது ஒவ்வொருவன் தோளையும் தொடுவார். அவ்வளவுதான். அந்த ஒரு தொடலுக்காக அவர்கள் பல்லை உடைத்துக்கொண்டார்கள். என் கெல் வீட்டிலும் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டுதான் நடப்பான். "கோச் என்னைத் தொட்டப்போ ஏதோ சொன்ன மாதிரி இருந்திச்சுக்கா" என்பான். "என்னடா சொன்னாரு?" "ஒண்ணும் சொல்லல. சொன்ன மாதிரி இருந்திச்சு."

1967. இறுதி ஆட்டத்துக்கு முந்தின வியாழக்கிழமை. கிளப் அறையில் பையன்கள், ஜன்னலுக்கு வெளியே நாங்கள். அந்த வருஷம் ஒரு ஆட்டம் விடாமல் ஆடியவன் கெல். பத்தொன்பது வயது. கோச் பெயர்களை வாசித்தார், காகிதத்தை மடித்தார், பின்கதவு வழியாகப் போய்விட்டார். எல்லோரும் முதுகில் தட்டிக்கொண்டு கலைந்தார்கள். கெல் மட்டும் அப்படியே நின்றான். இன்னும் ஒரு பெயர் பாக்கி இருக்கிறது, கோச் திரும்பி வந்து வாசிப்பார் என்று நினைத்துக்கொண்டு நின்றான். விளக்கை அணைக்க வந்தவர்தான் அவனை வெளியே அனுப்பினார்.

சனிக்கிழமை நாம் ஜெயித்தோம். ஊரே கொடியோடு ஊர்வலம் போனபோது என் தம்பி பஸ்ஸில் இருந்தான். சாவு வீட்டுக்குத் தவிர அவன் அந்த ஊருக்குத் திரும்பவில்லை. பந்தைப் பற்றி அவன் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்ததில்லை.

வாசித்துக் காட்டு. கோச் பெயரை வேண்டுமானால் விட்டுவிடு. மற்றது ஒரு வரி குறையக் கூடாது.

தெல்மா


முர்ரிங்கா
ஜூலை 18, 2004

தெல்மா,

வாசித்தேன். ஒரு வரி குறைக்கவில்லை.

முதலில் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். தூங்கிவிட்டார் என்று நினைத்தேன். பிறகு கேட்டார்: "அந்த ஆளு ஏன் பையன்கிட்ட நேர்ல சொல்லல?"

"தெரியல ரெக்ஸ்."

"பயந்துட்டான். வேற என்ன? முகத்தப் பாத்துச் சொல்லப் பயம். இவனெல்லாம் ஒரு கோச்சா!" என்றார். நான் அவரை அப்படிக் கோபமாகப் பார்த்ததே இல்லை. "பையன் இன்னும் அங்கதான் நிக்கிறானா?"

கெல்லை ஏன் எடுக்கவில்லை என்றும் கேட்டுப்பார்த்தேன். "எனக்கெப்படித் தெரியும்? அந்த ஆளைக் கேளு" என்றார். காரணம் போய்விட்டது, தெல்மா. இனி யாருக்கும் தெரியப்போவதில்லை.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். ஆல்ஃபை மறந்துவிட்டார், மூடுபனியை மறந்துவிட்டார். ஆனால் வியாழக்கிழமை மாலை பயிற்சிக்காக மைதானத்து விளக்குகள் எரிந்தவுடன் எழுந்து கோட்டு கேட்டார். போட்டுக்கொண்டு வாசல் கேட் வரை போனார். "ஒரு பையன் காத்துக்கிட்டிருக்கான், அவன்கிட்ட சொல்லணும்." யார், என்ன, எதுவும் தெரியாது. அடுத்த வியாழனும் அப்படித்தான். குளிரில் நின்றுவிட்டு, நர்ஸ் வந்து கூப்பிட்டதும், "வரலையே" என்று சொல்லித் திரும்புகிறார். அந்த முகத்தை நீ பார்க்க வேண்டும். வேண்டாம், பார்க்க வேண்டாம்.

கெல்லிடம் இதைச் சொல்வதும் சொல்லாமலிருப்பதும் உன் இஷ்டம். நான் எதுவும் கேட்கவில்லை.

நோரீன்


டவுன்ஸ்வில்
ஆகஸ்ட் 2, 2004

நோரீன்,

கெல் சார்ட்டர்ஸ் டவர்ஸிலிருந்து வந்திருந்தான். சமையலறைக் குழாய் ஒழுகுகிறது என்று சொல்லியிருந்தேன். அவன் தொட்டிக்கு அடியில் படுத்திருந்தபோது உன் கடிதத்தை வாசித்தேன். முகம் பார்த்துச் சொல்ல எனக்கும் பயம்தான் போலிருக்கிறது.

குறடு சத்தம் நின்றது. அப்புறம் உள்ளேயிருந்தே கேட்டான்: "கேட்டுலயா நிக்கிறாரு?"

"ஆமாடா."

"இந்தக் குளிர்லயா?"

"நிக்கட்டும்" என்றேன்.

வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டான். "உனக்கு இன்னும் கோவமாக்கா?" என்று ஏதோ அதிசயத்தைப் பார்ப்பது போலக் கேட்டான். சாப்பிட்டான், போனான். வீட்டுக்குத்தான் போகிறான் என்று நினைத்தேன். நேற்று டப்போவிலிருந்து போன் வருகிறது. தெற்கே ஓட்டிக்கொண்டிருக்கிறானாம். "எதுக்குடா போற?" என்றால், "தெரியலக்கா, ரோடு நல்லா இருக்கு" என்கிறான்.

அவன் மனது நோகும்படி ஏதாவது நடந்தால் அதற்கு நீதான் பொறுப்பு.

தெல்மா


முர்ரிங்கா
ஆகஸ்ட் 6, 2004

என் தெல்மா,

நேற்று வியாழக்கிழமை. கெல் மத்தியானமே வந்துவிட்டான். தலையில் முடியில்லை, நடை மட்டும் அதே நடை. என்னோடு உட்கார்ந்து தேநீர் குடித்தான். விளக்குகள் எரிந்தன. ரெக்ஸ் கோட்டைப் போட்டுக்கொண்டு போனார். கெல் பின்னால் போனான். நான் கைத்தடியோடு கொஞ்சம் தள்ளி நின்றேன். ஏரியிலிருந்து பனி அப்போதுதான் ஏறிக்கொண்டிருந்தது.

ரெக்ஸ்தான் முதலில் பேசினார். "ஐயா, இங்க ஒரு பையனைப் பாத்தீங்களா?"

"எந்தப் பையன்?" என்றான் கெல்.

"சின்னப் பையன். சாம்பல் சட்டை. அவன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"என்கிட்டச் சொல்லுங்க. நான் அவனுக்குச் சொல்லிடறேன்."

ரெக்ஸ் அவனை மேலும் கீழும் பார்த்தார். நம்பலாமா என்று யோசிப்பது போல இருந்தது. பிறகு கோட்டுக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு, நேராக அவன் முகத்தைப் பார்த்துச் சொன்னார்: "சனிக்கிழமை நீ ஆடல தம்பி. உன் பேரு இல்ல. நான் திரும்பி வரமாட்டேன், நீ நிக்காத. வீட்டுக்குப் போ. உங்க வீட்ல தேடுவாங்க."

கெல், "சரி கோச்" என்றான்.

"போய்ச் சொல்லிடுவீங்களா?"

"சொல்லிட்டேன்" என்றான் கெல்.

ரெக்ஸ் கையை நீட்டி அவன் தோளைத் தொட்டார். இரண்டு பேரும் சாலையைக் கடந்து மைதானத்துப் பக்கம் நடந்தார்கள். நான் கூப்பிடவில்லை. வேலியில் சாய்ந்துகொண்டு பயிற்சியைப் பார்த்தார்கள். பனிக்குள் பையன்கள் ஓடுகிற சத்தம்தான் கேட்டது. ரெக்ஸ் ஏதோ கேட்டுக்கொண்டே இருந்தார், கெல் ஏதோ விளக்கிக்கொண்டே இருந்தான். உன் தம்பி பந்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தான், தெல்மா.

நோரீன்


டவுன்ஸ்வில்
ஆகஸ்ட் 23, 2004

அன்புள்ள நோரீன்,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு வாரம் உன்மேல் கோபமாக இருந்தேன். கெல் மேலும்தான். அவனுக்காக நான் சுமந்த சுமை அது. என்னை ஒரு வார்த்தை கேட்காமல் போய், ஒரு கேட்டருகே இறக்கி வைத்துவிட்டு வந்துவிட்டான். வந்தவன் என் வீட்டு வாசலில் விசிலடித்துக்கொண்டு காரைக் கழுவுகிறான். கை இரண்டும் சும்மா இருக்கின்றன. எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

நான் மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் அது பொய். எழுத மாட்டேன். அந்த மனிதரிடம் என் பெயரைச் சொல்லாதே, எனக்காக அவர் ஒன்றும் ஞாபகப்படுத்திக்கொள்ள வேண்டாம்.

ஆனால் அந்த ஊர் ஆகஸ்ட் மாதக் குளிரில் முதலில் கால்தான் விறைக்கும். நர்ஸ்கள் போர்வையைத் தோளுக்கு மட்டும் இழுத்துவிட்டுப் போய்விடுவார்கள். நீ போய்ப் பார்த்து, அவர் காலையும் மூடிவிடு.

உன்,
தெல்மா