சேர்ந்து வாழ வந்த விசா

என் யூட்டுக்கு, நீங்கள் இருக்கும் இடத்தில் குளிர் இல்லாமல் இருக்கட்டும்.

உங்களைப் புதைத்து ஒன்பதாம் நாள் என் பாஸ்போர்ட் திரும்பி வந்தது. ரொறொன்ரோவில், வோபர்ன் பகுதியில் நான் வாடகைக்கு இருக்கும் கீழ்த்தளத்துக்கு வீட்டுக்கார அன்ரிதான் உறையைக் கொண்டுவந்து தந்தார். "பிள்ளை, உனக்குத்தான். நான் கையெழுத்து வைச்சு வாங்கினனான்" என்றார். உள்ளே விசா ஒட்டியிருந்தது. அதில் ஒரு வரி: ஐரோப்பியக் குடிமகனான கணவருடன் சேர்ந்து வாழ்வதற்கு. பக்கத்தில் உங்கள் பெயர்.

எனக்கு அழுகை வரவில்லை, பயம்தான் வந்தது. நீங்கள் இருக்கும் இடத்துக்கு வரலாம் என்று ஓர் அரசாங்கம் எனக்கு அனுமதி தந்திருக்கிறது, யூட். நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று அவர்களுக்குத் தெரியுமா?

இந்தக் கடிதத்தை மற்றவர்களும் வாசிப்பார்கள். அதனால் உங்களுக்குத் தெரிந்ததையும் கொஞ்சம் சொல்லுகிறேன். நீங்கள் நெதர்லாந்துக் குடிமகன், ஜேர்மனியில் ஒரு களஞ்சியத்தில் வேலை. நான் மன்னாரிலிருந்து ரொறொன்ரோவுக்குப் படிக்க வந்து, முதியோர் இல்லமொன்றில் தற்காலிக அனுமதியோடு வேலை செய்பவள். ஸ்காபரோவில் ஒரு தேவாலயத்தில் கலியாணம் முடித்தோம். மூன்று கிழமையில் நீங்கள் திரும்பிப் போனீர்கள். பிறகு ஒரு வருடத்துக்கு மேல் ஃபோனிலேயே குடும்பம் நடத்தினோம்.

ஓர் ஐரோப்பிய நாட்டுக்காரன் இன்னோர் ஐரோப்பிய நாட்டில் வேலை செய்து வாழ்ந்தால், மனைவி எந்த நாட்டவளாக இருந்தாலும் அவனோடு அங்கே வாழலாம் என்ற சட்டத்தை நீங்கள்தான் தேடிப் பிடித்தீர்கள். "சட்டம் எங்கடை பக்கம், றெஜி. நீர் பாஸ்போர்ட்டைக் குடும், மிச்சத்தை நான் பாக்கிறன்" என்று சிரித்தீர்கள்.

விசா அலுவலகத்தில் கொடுத்தேன். மூன்றாம் கிழமை வேலைத்தலத்தில் உங்கள் நெஞ்சு நின்றுவிட்டது என்று உங்கள் சிநேகிதர் செல்வன் அண்ணை அழைத்தார். விசா அலுவலகத்துக்கு ஓடினேன். பாஸ்போர்ட் வேறு நகரத்துக்குப் போய்விட்டது, வந்தாலும் விசா இல்லாமல் விமானம் ஏற முடியாது என்றார்கள். உங்கள் அடக்கத்தை வேலையிடத்துச் சாப்பாட்டறையில் ஃபோனில் பார்த்தேன். மண் விழுவது முதலில் தெரிந்தது. சத்தம் பிறகுதான் வந்தது.

விசா வந்ததும் மிசிசாகாவில் ஒரு வழக்கறிஞரிடம் போனேன். "ஒரு வருஷம் அவரோடை அங்கை இருந்திருந்தால், அவர் செத்த பிறகும் உங்கடை உரிமை நிண்டிருக்கும். நீங்கள் ஒரு நாளும் இருக்கேல்லையே, அம்மா" என்றார்.

அடுத்த நாள் மத்தியானம் செல்வன் அண்ணை அழைத்தார். உங்கள் வீட்டுச் சாமான்களை ஒதுக்கி எடுக்கப் போயிருந்தாராம்.

"தங்கச்சி, கீழ் வீட்டு ஜேர்மன்காரக் கிழவி, யூட்டின்ரை மனிசி எங்கையெண்டு கேக்கிறா. அவ இஞ்சை வரவேயில்லை எண்டு சொன்னால் கோவிக்கிறா."

"ஏனாம்?"

"ஒரு வருஷமா ரெண்டு பேரும் கதைக்கிறது கேட்டதாம்."

அது எனக்கு விளங்கியது. நீங்கள் சமைக்கும்போது ஃபோனை ஸ்பீக்கரில் போட்டு அடுப்புக்குப் பக்கத்தில் வைப்பீர்கள். என் குரல் அந்த வீடு முழுக்கக் கேட்டிருக்கும்.

"அது மட்டுமில்லை" என்று அண்ணை குரலைத் தாழ்த்தினார். "போன கிழமையும் கண்டவவாம். பச்சைக் கோட் போட்டுக்கொண்டு படியிலை ஏறிப் போனதாம். வணக்கம் சொல்ல, திரும்பியும் பாக்கேல்லையாம்."

உங்கள் அடக்கம் முடிந்த சனிக்கிழமை மார்க்கம் வீதிக் கடையொன்றில் ஒரு பச்சைக் கோட் வாங்கினேன். ஒருவருக்கும் சொல்லவில்லை. விலைச்சீட்டுக்கூட இன்னும் வெட்டாமல் அலுமாரியில் தொங்குகிறது. அந்தப் படியில் ஏறியது யார், யூட்? கதவைத் திறந்துவிட்டது யார்?

அண்ணை என் நன்மைக்குத்தான் சொன்னார்: "விசா கையிலை கிடக்குது. வந்திறங்கு. எயார்ப்போட்டிலை ஆர் கேக்கப் போகினம்?" என் கனடா அனுமதியும் முடியப்போகும் நேரம். இரண்டு நாள் சூட்கேஸை அடுக்கினேன். ஆனால் பாஸ்போர்ட்டைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் அந்த வரி என்னைக் கூப்பிடுவதுபோல் இருந்தது. அந்தத் தாளோடு நான் வந்தால், கிழவி கண்டவள் நானாகவே ஆகிவிடுவேன் என்று தோன்றியது. செத்தவரோடு குடித்தனம் நடத்த, படியேறி, ஒருவருக்கும் பதில் சொல்லாமல் போகிறவள்.

மூன்றாம் நாள் காலை விசா அலுவலகத்துக்குப் போனேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் ஆங்கிலத்தில், "கணவர் அங்கேதானே இருக்கிறார்?" என்று கேட்டாள்.

"ஓம்" என்று தமிழில்தான் வந்தது. அது பொய்யும் இல்லையே. பிறகு உங்கள் மரணச் சான்றிதழைக் கண்ணாடிக்கு அடியால் தள்ளினேன். வாசித்தவள் என் பாஸ்போர்ட்டிலிருந்து மெல்லக் கையை எடுத்தாள். அன்றைக்கே அந்த விசாவின் குறுக்கே ரத்து என்று முத்திரை குத்தினார்கள்.

வெளியே வந்து பஸ் தரிப்பிடத்தில் இருந்து அழுதேன். நீங்கள் போனதற்கு அன்றைக்குத்தான் முதல்முதலாக அழுதேன்.

இப்போது உங்களுக்குச் செய்தி. புதிதாக விண்ணப்பித்தேன். பயணத்தின் காரணம் என்ற இடத்தில் கணவரின் கல்லறையைப் பார்க்க என்று எழுதினேன். பதினைந்து நாள் தந்திருக்கிறார்கள். இங்கே என் வேலை அனுமதியையும் நீட்டிவிட்டார்கள். முதியோர் இல்லத்து மேலாளர் எனக்காகக் கடிதம் கொடுத்தார். அந்த அனுமதி என் வேலைக்காக, என் பெயரில் வந்தது.

செவ்வாய்க்கிழமை புறப்படுகிறேன். உங்கள் தலைமாட்டில் மெழுகுதிரி ஏற்றுவேன், செபமாலை சொல்லுவேன், ஃபோன் இல்லாமல் உங்களோடு வாய்விட்டுக் கதைப்பேன். பதினாறாம் நாள் ரொறொன்ரோவில் நிற்பேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

நீங்களும் எனக்கு ஒரு வாக்குத் தரவேண்டும். போகிற நேரம் "இரும், றெஜி" என்று சொல்லிவிடாதீர்கள். நீங்கள் சொன்னால் நான் இருந்துவிடுவேன்.

இன்னும் உங்கள் மனைவிதான்,
றெஜினா