இருமுறை எண்ணப்பட்ட மாணவிக்கு இயற்கணிதம் கேட்டு

அனுப்புநர்:
கேன்ட்ரா வில்பர்ன், வயது 17,
அறை எண் 22,
டாம்ரக் கிரீக் இளம்பெண்கள் சீர்திருத்த இல்லம்,
வெலார்ட் கவுண்டி.

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
மாணவர் எண்ணிக்கை மற்றும் நிதி ஒதுக்கீட்டுப் பிரிவு,
மாநிலக் கல்வித் துறை,
தலைநகர்.

பொருள்: அக்டோபர் முதல் தேதிக் கணக்கெடுப்பில் இரண்டு மாணவிகளாக எண்ணப்பட்ட எனக்கு, ஒரு மாணவிக்குரிய இயற்கணித வகுப்பு நடத்தித் தர வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

1. இங்கிருந்து போகும் தபாலையெல்லாம் எங்கள் கண்காணிப்பாளர் திரு. ஹென்ஸ்லி அவர்கள் பிரித்துப் படித்த பிறகே அனுப்புவார். அரசுக்கு எழுதும் மனுவை நிறுத்திவைக்க மட்டும் அவருக்கு அதிகாரமில்லை. ஆகவே, முதலில் படிக்கப்போகும் அவருக்கும் அடுத்துப் படிக்கப்போகும் தங்களுக்கும் என் வணக்கம்.

2. பெட்ரோல் பங்கில் கொள்ளையடித்துவிட்டு ஓடிவந்தவனுக்கு நான் கார் ஓட்டினேன். அதை மறுக்கவில்லை. பதினெட்டு நிறையும் முன் பள்ளி இறுதிச் சான்றிதழ் பெற்றால் மீதித் தண்டனையை வீட்டிலிருந்தே கழிக்க அனுமதிப்பதாகவும், பெறாவிட்டால் பெரியவர்களுக்கான சிறையில் நான்கு ஆண்டுகள் இருக்க வேண்டும் என்றும் நீதிபதி உத்தரவிட்டார். "சர்டிஃபிகேட்டோட வாம்மா, பேசலாம். கையை வீசிக்கிட்டு வந்தா பேச ஒண்ணுமில்ல" என்று அவர் வாயாலேயே சொன்னார். எனக்கு வரும் டிசம்பர் 9-ஆம் தேதி பதினெட்டு நிறைகிறது. எல்லாப் பாடமும் முடித்துவிட்டேன். பாக்கி இருப்பது இயற்கணிதம் ஒன்றுதான்.

3. எங்கள் கணித ஆசிரியர் திரு. ஆஸ்குட் கடந்த மார்ச் மாதம் வேலையை விட்டுப் போய்விட்டார். அன்று முதல் எங்கள் கல்வி, கதவுக்கு அடியில் திங்கட்கிழமைதோறும் தள்ளப்படும் காகிதக் கட்டாக வருகிறது. சென்ற வாரக் கட்டில், எழுத்துக் கட்டங்களுக்குள் ஒளிந்திருக்கும் பழங்களைக் கண்டுபிடிக்கச் சொல்லியிருந்தார்கள். பதினொரு பழங்களைக் கண்டுபிடித்தேன். அதற்கு அறிவியலில் மதிப்பெண் கிடைத்தது. பழம் எதுவும் கிடைக்கவில்லை.

4. வகுப்பறை ஒன்று உண்டு. ஊழியர்கள் உடம்பு இளைக்க ஓடும் இயந்திரமும், பழைய மெத்தைகளும், கிறிஸ்துமஸ் மரமும் அதில் ஆண்டு முழுவதும் கல்வி பயில்கின்றன. கணக்கெடுப்புக்கு முந்தின நாள்தான் அவற்றுக்கு விடுமுறை தொடங்கியது. அவை வெளியே போயின, ஐம்பத்து நான்கு மேசைகள் உள்ளே வந்தன. சுவரில் உலக வரைபடம் மாட்டப்பட்டது. கணக்கெடுப்பு அன்று காலையில் மேப்பிள் பாகு ஊற்றிய பான்கேக் போட்டார்கள். மற்ற நாட்களில் பாகு வன்முறையைத் தூண்டும் என்று சொல்வார்கள்.

5. திரு. ஹென்ஸ்லி எங்களிடம் பேசினார். "ஒரே ஒரு நாள் ஸ்டூடன்ட்ஸ் மாதிரி உக்காருங்கம்மா, போதும். மிச்சத்த நான் பாத்துக்கறேன்" என்றார். தலைக்கு இவ்வளவு நிதி என்று கணக்கிடத் தாங்கள் அனுப்பிய கணக்கெடுப்பாளர் பத்து மணிக்கு வந்தார். மூக்குக் கண்ணாடியோடு முன்வரிசையில் உட்கார்ந்து, என் பெயரைக் கூப்பிட்டதும் "உள்ளேன்" என்றேன். அது உண்மை.

6. அடுத்த வகுப்புக்குப் பெயர் கூப்பிடும் முன் காவலர் திருமதி டோர்சி என் பக்கம் வந்து, "ஏய் கேன்ட்ரா, கண்ணாடியக் கழட்டு, முடிய அவுத்து விடு, கடைசி வரிசைக்குப் போ. மிஸ்டி லாகர்னு கூப்பிட்டா நீ கையத் தூக்கு" என்றார். "அவ போன வாரமே வீட்டுக்குப் போயிட்டாளே, மேடம்?" என்று கேட்டேன். "அவ போனா போறா. அவ காசு எதுக்குடி போகணும்?" என்றார். கையைத் தூக்கினேன். கண்ணாடி இல்லாததால் தங்கள் அலுவலரின் முகம் எனக்குத் தெரியவில்லை. அவருக்குக் கண்ணாடி இருந்தும் என் முகம் தெரியவில்லை. இது பொய் என்று தெரிந்தே செய்தேன். அதற்குரிய தண்டனையை ஏற்கிறேன்.

7. கடைசியில், அன்றைக்கென்று கொடுத்த பென்சில்களைத் திரும்ப வாங்கி எண்ணியபோது ஒன்று குறைந்தது. எங்கள் காலணி, காலுறை, தலைமுடி வரை நாற்பது நிமிடம் சோதித்தார்கள். பென்சில் தங்கள் அலுவலரின் காதோரம் செருகியிருந்தது. அவரை யாரும் சோதிக்கவில்லை என்பதை அவர் நலன் கருதித் தெரிவித்துக்கொள்கிறேன். பிற்பகல் இரண்டு மணிக்கு மெத்தைகள் வகுப்புக்குத் திரும்பின.

8. இந்த மனுவால் எனக்கு ஒரு கலக்கமும் உண்டு. தாங்கள் கோபம் கொண்டு இந்த இல்லத்தின் கல்வி நிதியையே நிறுத்திவிட்டால், ஆண்டுக்கு ஒரு நாள் நடக்கும் பள்ளியும் போய்விடும். எனக்குப் பின்னால் பதினான்கு, பதினைந்து வயதுப் பெண்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து நிதியை நிறுத்தாதீர்கள். அறிவிக்காமல் ஏதாவது ஒரு வியாழக்கிழமை வாருங்கள். வரும்போது ஒரு கணித ஆசிரியரை அழைத்து வாருங்கள். நன்றாகச் சொல்லிக்கொடுத்தால் எனக்கு ஆறு வாரம் போதும். இரவும் பகலும் படிப்பேன். அந்தப் பெரிய சிறையை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது, அம்மா.

9. புகார்களுக்குத் தொண்ணூறு வேலை நாட்களுக்குள் பதில் தரப்படும் என்று தங்கள் படிவத்தில் அச்சிட்டிருக்கிறது. விடுமுறைகளைக் கழித்து எண்ணிப் பார்த்தேன், பிப்ரவரி இறுதி வருகிறது. எனக்கு இருப்பது ஐம்பத்தாறு நாட்கள். இந்த அளவுக்குக் கழித்தல் திரு. ஆஸ்குட் சொல்லிக்கொடுத்துவிட்டுத்தான் போனார்.

எனவே தாங்கள் இதை அவசரமாகக் கருதி ஆவன செய்யுமாறு பணிந்து வேண்டுகிறேன். டிசம்பர் 9-க்குப் பிறகு பதில் எழுதுவதாக இருந்தால், மேலே உள்ள முகவரிக்கு அனுப்ப வேண்டாம். மாநில மகளிர் சிறைக்கு அனுப்புங்கள். அங்கே எனக்கு என்ன எண் தருவார்கள் என்று இன்னும் தெரியாது. உறையின் மேல் என் பெயரை எழுதினால் போதும்.

நாள்: 14 அக்டோபர்
இடம்: டாம்ரக் கிரீக்

தங்கள் பதிவேட்டில் உள்ள மாணவி,
(ஒப்பம்)
கேன்ட்ரா வில்பர்ன்